இரும்புப் பெட்டியும் இல்லமும்



"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டிலும் கைப்பொருள் எவ்வாறு கரையும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். ஆகவே, குறைந்த செலவிலே, குறைந்த நாள்களிலே ஒரு வீடு எழுந்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நாம் செவிசாய்ப்பது இயல்பே. கப்பலிலே சரக்கேற்றிச் செல்லும் இரும்புக் கொள்கலன் ஒன்றை வாங்கி, கடற்கரையிலோ மலைச்சாரலிலோ உள்ள காணித்துண்டிலே இறக்கி, கதவும் யன்னலும் வைத்துவிட்டால் விடுமுறைக்குத் தங்கும் மனை ஆயத்தம் என்னும் பேச்சு இப்பொழுது பல இடங்களிலும் அடிபடுகின்றது. அப்பேச்சு மெய்தானா, மெய்யெனின் எந்த அளவுக்கு மெய் என்பதே இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை நான் ஏட்டறிவை மாத்திரம் கொண்டு சொல்ல வரவில்லை. வெளிநாட்டிலே வாழும் என் தமக்கையாருக்குக் காரைநகரிலே எட்டுப் பரப்புக் காணி உண்டு. அங்கிருந்த பழைய வீடு போர்க்காலத்திலே கூரையிழந்தது. பின்னர் சுவர்களும் சரிந்தன. கிணறும் ஒரு வேம்புமே எஞ்சி நின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, ஓகஸ்ட் மாத விடுமுறையிலே பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, பிறந்த மண்ணிலே ஒரு மாதம் தங்கிச் செல்ல வேண்டுமென்பது அவர் ஆசை. "கல்வீடு கட்ட என்னிடம் பணமும் இல்லை, தம்பி, கட்டினாலும் மிச்சப் பதினொரு மாதமும் அதைப் பார்க்க ஆளும் இல்லை. பெட்டியென்றால் வைத்துப் பூட்டிவிட்டு வரலாமாம். நீ பார்த்துச் செய்" என்று தொலைபேசியிலே சொன்னார். நானும் பார்த்தேன், செய்தேன், செய்ததிற் பாதியை மீண்டும் ஒருமுறை செய்தேன். மீண்டும் செய்த அந்தப் பாதியே என்னை இன்று இங்கே பேச வைக்கின்றது.

முதலிலே இந்தப் பெட்டி யாது என்பதை அறிந்துகொள்வோம். சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய பழைய வழக்கத்தை மாற்றியவருள் முதன்மையானவர் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர். லொறித் தொழில் நடத்திவந்த அவருடைய ஏற்பாட்டின்படி, 1956ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 26ஆந் திகதி, ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 கொள்கலன்களைத் தாங்கி, நியூ ஜேர்சி மாநிலத்து நியூவாக் துறையிலிருந்து ஹூஸ்டன் நகரை நோக்கிப் புறப்பட்டது. 1968ஆம் ஆண்டிலே இப்பெட்டிகளுக்குச் சர்வதேச நியம அளவுகள் வகுக்கப்பட்டன. இன்று கொழும்புத் துறைமுகத்தின் அருகாற் செல்வோர், மதிலுக்கு மேலே பல வண்ணச் செங்கற்களை அடுக்கினாற்போல அவை குவிந்திருப்பதைக் காணலாம். எந்த நாட்டிற் செய்யப்பட்டதாயினும் ஒரே அளவினதாக இருப்பதே அதன் சிறப்பு. அச்சிறப்பே அதனை வீடு கட்டுவோர் கண்ணிலும் படச்செய்தது. பிலிப் கிளார்க் என்னும் அமெரிக்கர், கொள்கலன்களைக் குடியிருக்கும் கட்டடமாக மாற்றும் முறைக்கு 1987ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை கோரி, 1989ஆம் ஆண்டிலே அதனைப் பெற்றார்.

நம் நோக்கத்துக்கு ஏற்ற பெட்டிகள் இரண்டு. ஒன்று 20 அடி நீளமும் 8 அடி அகலமும் எட்டரை அடி உயரமும் உடையது. மற்றையது அதே அகலத்தில் 40 அடி நீளமானது. ஒன்பதரை அடி உயரமான பெட்டியும் உண்டு. பெரும்பாலும் அது 40 அடி நீளத்திலேயே கிடைக்கும். வெறும் பெட்டியின் நிறை, சிறியதாயின் இரண்டேகால் தொன் அளவிலும், பெரியதாயின் நான்கு தொன்னுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். சிறிய பெட்டியின் உட்பரப்பு ஏறக்குறைய 150 சதுர அடி. அதாவது, பத்துக்குப் பதினைந்து அளவான ஓர் அறை. ஆயின் அதன் உள்ளகலம் 7 அடி 8 அங்குலமே. சுவருக்கு உட்புறத்தே வெப்பத்தைத் தடுக்கும் படலமும் பலகையும் அடித்தால், ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் போய்விடும். எஞ்சுவது ஏழடியும் சொச்சமும். கட்டிலொன்றைக் குறுக்கே போடலாம். போட்டபின் அதனைச் சுற்றி நடக்க இயலாது. பெட்டி வாங்கப் போகுமுன், இந்த ஏழடி அகலத்தை உங்கள் முற்றத்திலே கயிறு கட்டி அளந்து, அதற்குள் ஒரு நாள் நின்று பாருங்கள்.

பெட்டியின் பலம் எங்கே உள்ளது என்பதை அறிவது அடுத்த காரியம். கப்பலிலும் துறைமுகத்திலும், சரக்கு நிறைந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு, எட்டு என அடுக்குகின்றார்கள். அந்தப் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாகவே கீழிறங்குகின்றது. நம் ஊர்க் கொட்டிலின் நான்கு கப்புகளும் கூரையைத் தாங்குவது போன்றதே இது. இடையிலுள்ள சுவர் இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படாத தடிப்புடைய உருக்குத் தகடு மாத்திரமே. மடிப்பு மடிப்பாக வளைத்திருப்பதனால் அது விறைத்து நிற்கின்றது. ஆனால், அச்சுவருக்கு வேலை இல்லையென்று எண்ணலாகாது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓடும் இரும்புச் சட்டங்களைத் தொய்யவிடாமற் பிடித்திருப்பது அந்தத் தகடே.

இதை அறியாமல் நான் செய்த முதற் பிழையைச் சொல்லுகின்றேன். கடற்காற்று வரவேண்டுமென்று, முதற் பெட்டியின் நீண்ட பக்கத்திலே 12 அடி அகலத்துக்கு வாய் வெட்டச் சொன்னேன். வெல்டிங் செய்யும் தொழிலாளி, "ஐயா, இவ்வளவு வெட்டினால் மேற்சட்டம் இறங்கும்" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. வெட்டி முடிந்த சில நாள்களிலேயே மேற்சட்டம் நடுவிலே தொய்ந்தது. பொருத்திய கதவு இழுபட மறுத்தது. பின்னர் வெட்டிய வாயைச் சுற்றிலும் நாற்பக்கக் குழாயிரும்பினாற் சட்டமடித்து, நடுவே ஒரு தூணும் நிறுத்தி நிமிர்த்தினோம். அதற்குச் சென்ற இரும்பும் கூலியும் நான் முன்னர் போட்ட கணக்கில் இல்லாதவை. ஆகவே நேயர்களே, பெட்டியை எவ்வளவு குறைவாக வெட்டுகின்றோமோ அவ்வளவு மலிவாக வீடு முடியும். பெரிய வாய் வேண்டுமாயின், ஏற்கெனவே வாயுள்ள பக்கம் ஒன்று உண்டு. சரக்கேற்றும் இரட்டைக் கதவுகள் உள்ள முகப்பு அது. அதனைத் திறந்து வைத்து, உட்புறத்தே கண்ணாடிக் கதவோ மரக்கதவோ பொருத்தினால், ஓர் அங்குலமும் வெட்டாமல் எட்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்துக்குக் காற்றும் வெளிச்சமும் வரும்.

வேறு சிலர், பெட்டியை மண்ணுக்குள்ளே பாதி புதைத்தால் குளிர்ச்சியாக இருக்குமென்று எண்ணுவர். அது பெருந்தவறு. மேலிருந்து மூலைகளிலே இறங்கும் பாரத்தைத் தாங்கவே பெட்டி செய்யப்பட்டது. பக்கத்திலிருந்து நெருக்கும் ஈரமண்ணின் பாரத்தை அந்த மெல்லிய தகடு தாங்காது, உள்நோக்கி வளைந்துவிடும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினையான வெயிலுக்கு வருவோம். முதற் பெட்டியை இறக்கி, யன்னல் வைத்து, உட்புறத்தே மெல்லிய பலகை அடித்து, தமக்கையாரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே அவர்கள் எல்லோரும் பாயும் தலையணையுமாக வேம்பின் கீழே வந்துவிட்டார்கள். பெட்டியின் மேற்றகட்டிலே கைவைக்க இயலவில்லை. அயல்வீட்டு ஆச்சி ஒருவர் வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்து, "தம்பி, இதென்ன வீடோ, பாண் சுடுகிற போறணையோ?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. ஆண்டு முழுவதும் பணம் சேர்த்து, கடல் கடந்து வந்த பிள்ளைகள், தம் பாட்டியின் காணியிலே பகலிலே ஒதுங்க ஓர் இடமின்றி இருந்தார்கள். அவ்வாண்டு அவர்கள் ஒரு மாதம் தங்கவில்லை. பத்து நாளிலே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

இதன் காரணம் எளியது. இரும்பு வெப்பத்தை நன்கு கடத்தும். ஓர் அடித் தடிப்பான கற்சுவர் காலையிலே உண்ட வெப்பத்தை மாலையிலேதான் உள்ளே விடும். இரண்டு மில்லிமீற்றர்த் தகடோ வெயில் பட்ட சில நிமிடத்திலேயே உள்ளே விட்டுவிடும். அந்தி சாய்ந்தபின் அது விரைவிலே ஆறியும் விடும். பெட்டி இரவிலே நல்லது, பகலிலே கொடியது. நம் நாடு பூமத்தியரேகைக்கு அண்மையில் இருப்பதனால், நண்பகற் சூரியன் ஆண்டின் பெரும்பகுதியிலே ஏறத்தாழ நம் தலைக்கு நேரே நிற்கின்றது. ஆகவே வெயிலின் அடி சுவரிலும் பார்க்கக் கூரையிலேயே மிகுதியாக விழுகின்றது. குளிரூட்டும் பொறி வைத்தால் தீராதோ என்று கேட்பீர்கள். வெயிலிலே காயும் இரும்பை உள்ளிருந்து மின்சாரத்தாற் குளிரச் செய்வது, ஓட்டைக் குடத்திலே நீர் நிறைப்பதற்கு ஒப்பாகும். மாதந்தோறும் வரும் மின்கட்டணம் மலிவு வீட்டின் மலிவை விழுங்கிவிடும்.

மருந்து ஆச்சியிடமே இருந்தது. "அதுக்கு மேலே ஒரு கூரை போடு, தம்பி. ஓலையாலே போடு" என்றார் அவர். அவ்வாறே செய்தோம். பெட்டியின் மேற்றகட்டுக்கு இரண்டடி உயரே, பனஞ்சலாகைகளை நிரைத்து, பனையோலையால் வேய்ந்து, நான்கு புறமும் தாவாரம் நீண்டு தாழ விட்டோம். வெயில் ஓலையிலே விழுகின்றது. ஓலைக்கும் இரும்புக்கும் இடையே காற்று ஓடுகின்றது. இரும்பு நிழலிலே நிற்கின்றது. தகட்டிலே வெள்ளைத் தீந்தையும் பூசினோம். உட்புறப் படலத்தினாற் செய்ய இயலாததை இந்த நிழல் செய்தது. முதலில் நிழல், அடுத்துக் காற்று, அதன் பின்னரே உட்படலம் என்பதே நம் காலநிலைக்குரிய ஒழுங்கு. நான் அந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

கூரை போட்டபொழுது இன்னொன்றும் புலனாயிற்று. தமக்கையார் இரண்டாவது பெட்டி ஒன்றுக்கும் பணம் அனுப்பியிருந்தார். அதனை முதற் பெட்டியோடு ஒட்டி வைத்து, இடைச்சுவரை வெட்டி, ஒரே அறையாக்குவது எனது பழைய திட்டம். அதனைக் கைவிட்டு, 12 அடி இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்தோம். ஒரே கூரை இரண்டையும் மூடியது. நடுவிலே 20 அடி நீளமும் 12 அடி அகலமுமான, அதாவது 240 சதுர அடி கொண்ட, திறந்த மால் ஒன்று கிடைத்தது. அந்த 240 சதுர அடிக்கு நாங்கள் இரும்பு வாங்கவில்லை. சீமெந்துத் தரையும் கூரையும் மாத்திரமே செலவு. இன்று அவர்கள் பகல் முழுவதும் இருப்பதும், உண்பதும், பிள்ளைகள் விளையாடுவதும் அந்த மாலிலேதான். சோளகக் காற்று அதனூடே தடையின்றிப் போகின்றது. பெட்டிகள் இரண்டும் இரவிலே படுக்கவும் பொருள்களை வைத்துப் பூட்டவும் பயன்படுகின்றன. கொள்கலனாற் கட்டிய வீட்டிலே சிறந்த இடம் கொள்கலன் இல்லாத இடமே என்று நான் சொன்னால் நீங்கள் நகைக்கலாம். ஆயினும் அதுவே நான் கண்டது.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா நாடும் நம்மைப்போல வெப்ப வலயத்தது. அதன் தலைநகராகிய சான் ஹொசேயின் புறத்தே, பெஞ்சமின் கார்சியா சாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 2011ஆம் ஆண்டிலே இரண்டு 40 அடிக் கொள்கலன்களைக் கொண்டு ஒரு வீடு அமைத்தார். தம் குதிரைகளுக்கு அருகிலே வாழவேண்டுமென்று விரும்பிய ஒரு கணவன் மனைவிக்காகக் கட்டிய வீடு அது. அவரும் பெட்டிகளை இடைவெளி விட்டே வைத்தார். யன்னல்களுக்காக வெட்டியெடுத்த தகடுகளை எறியாமல், அவற்றைக் கொண்டே இடைவெளிக்கு மேலே உயர்ந்த கூரை ஒன்றைச் செய்தார். அக்கூரையின் கீழாகக் காற்று ஊடறுத்துச் செல்வதனால் உள்ளே வெம்மை தங்குவதில்லை. ஏறக்குறைய 100 சதுர மீற்றர் கொண்ட அவ்வீட்டுக்கு ஆன செலவு 40,000 அமெரிக்க டொலர் அளவினதென்று கூறப்பட்டது. வெட்டிய துண்டும் கூரையாகும் என்னும் சிக்கனமே அதிலே நாம் கற்க வேண்டியது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாதுறு ஓயாவிலே, இராணுவப் பயிற்சி முகாமொன்றின் எல்லைக்குள், தமித் பிரேமதிலக்க என்னும் கட்டடக் கலைஞர் விடுமுறைக்குத் தங்கும் சிறு மனையொன்றை அமைத்தார். பழைய கொள்கலன், ஆயுதங்கள் வந்த பெட்டிகளின் பலகைகள், கழித்துவிடப்பட்ட புகையிரதச் சிலிப்பர் கட்டைகள் ஆகியவையே அதற்குரிய பொருள்கள். போருக்குப் பெட்டியாக வந்த பலகை, ஒருவர் சாய்ந்திருந்து இளைப்பாறும் இடத்துக்குப் பலகையாயிற்று. கைக்கு எட்டும் தூரத்திலே கிடக்கும் பழம்பொருளைத் தேடிப் பயன்படுத்தும்பொழுதே இவ்வகை வீடு மெய்யாக மலிவாகின்றது. பெட்டியைப் பழையதாக வாங்கி, மற்றவை அனைத்தையும் புதிதாகக் கடையிலே வாங்கினால், மலிவு என்னும் சொல்லை மறந்துவிட வேண்டியதே.

இனி, பெட்டி வாங்கும்பொழுது நோக்க வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். கொள்கலன்கள் கடற்சேவையிலே பெரும்பாலும் பத்து முதற் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின்னரே விலைக்கு வருகின்றன. கதவிலே உலோகத் தகடொன்று அறையப்பட்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் கொள்கலன் பாதுகாப்புச் சர்வதேச உடன்படிக்கைக்கு அமைந்த தகடு அது. செய்த காலமும் தாங்கக்கூடிய நிறையும் அதிலே காணப்படும். தரைப்பலகைக்கு ஊட்டப்பட்ட பூச்சிமருந்தின் விபரமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தரையிலுள்ளது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிப்புடைய ஒட்டுப்பலகை. பூச்சி அரியாதிருக்க அதற்கு மருந்து ஊட்டுவது வழக்கம். பிள்ளைகள் தவழும் வீட்டிலே அதனை அப்படியே விடுதல் ஆகாது. கழற்றிவிடுக, அன்றேல் ஈரமும் ஆவியும் புகாத பூச்சுப் பூசி வேறு தரை பரப்புக. பெட்டி முன்னர் எதனைச் சுமந்தது என்றும் கேளுங்கள். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலே நைத்திரிக்கமிலமும் இருந்ததென்பதை நாம் மறக்கவில்லை. தேயிலை ஏற்றிய பெட்டியும் உண்டு; நஞ்சேற்றிய பெட்டியும் உண்டு; வெளியிலே இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மூக்கிலே நெடி ஏறினால் அப்பெட்டியை விட்டுவிடுக. கதவைச் சாத்தி உள்ளே நின்று பார்ப்பதும் நல்லது. எங்கேனும் பகல் வெளிச்சம் ஊசிமுனையளவு தெரிந்தால், அங்கே மாரிமழையும் தெரியும். இச்சோதனையைச் செய்யும்பொழுது வெளியிலே நம்பிக்கையான ஒருவர் நிற்கட்டும். அக்கதவுக்கு உட்புறத்தே கைபிடி இல்லை.

பெட்டியை இருத்தும் முறை கடினமானதன்று. மூலைக்கொன்றாக நான்கு கொங்கிறீற்றுத் தூண்கள், ஒரே மட்டத்திலே, நிலத்துக்கு இரண்டடி உயர நின்றாற் போதும். மட்டம் சற்றுப் பிசகினாலும் பெட்டி முறுகும், கதவு மூடாது. கீழே காற்றோடினால் அடித்தளம் ஈரமின்றி இருக்கும். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கக் கிழக்கு மேற்காக வைத்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முகங்களிலேயே விழும். வழியையும் முன்கூட்டி அளவுங்கள். பாரந்தூக்கி பூட்டிய லொறி எங்கள் ஒழுங்கைக்குள்ளே நுழையமாட்டாமல், அயலவர் இருவருடைய வேலியைப் பிரித்து மீண்டும் அடைத்துக் கொடுத்தோம். அவர்கள் மனமுவந்து இடம்விட்டார்கள். விடாதிருந்தால் வாங்கிய பெட்டி தெருவிலேயே நின்றிருக்கும்.

கடற்கரையிலே வைப்பவர்கள் கறளைப் பற்றி எண்ணவேண்டும். செம்பும் குரோமியமும் சிறிதளவு கலந்த உருக்கினாலே கொள்கலனைச் செய்கின்றனர். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வரும் இடத்திலே, இவ்வுருக்கின்மேற் படியும் கறள் இறுகி ஒரு காப்பாகிவிடும். ஆனால் உப்புக்காற்று ஓயாது வீசும் இடத்திலே அது இறுகுவதில்லை. அடையடையாகக் கழன்று, உள்ளேயுள்ள இரும்பையும் அரிக்கும். ஆதலால் வெட்டிய விளிம்பையும் ஒட்டிய இடத்தையும் அன்றைக்கே தேய்த்துத் துடைத்து, நாகம் கலந்த அடித்தீந்தை பூசி, அதன்மேல் வர்ணம் பூசுதல் வேண்டும். நாங்கள் ஒவ்வோராண்டும் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கியுள்ளோம்.

மலைநாட்டிலே வைப்பவர்களுக்குத் தொல்லை வேறு. நுவரெலியாவின் குளிரிரவிலே நால்வர் மூச்சுவிட்டு உறங்கினால், அம்மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த தகட்டிலே பட்டு ஒடுங்கித் துளித்துளியாக விழும். கப்பற்காரர் இதனைக் கொள்கலன் மழை என்பர். தேயிலையையும் கோப்பியையும் பழுதாக்குவது இதுவே. அங்கே தகட்டுக்கும் உட்படலத்துக்கும் இடையே வெளி சிறிதும் இல்லாமல் ஒட்ட அடித்து, காற்றுப் போக்கு வரவுக்கு மேலும் கீழும் துவாரம் விடுதல் இன்றியமையாதது. பூட்டியிருக்கும் பதினொரு மாதத்துக்கும் அத்துவாரங்கள் வலையடித்துத் திறந்தே இருக்கட்டும். இன்றேல் கடற்கரை வீட்டிலும் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும்.

உயிருக்குக் காப்பான மூன்று விதிகளை இங்கே வற்புறுத்த விரும்புகின்றேன். முதலாவது, சுவர் முழுவதும் இரும்பாதலால், ஒரு கம்பி தோலுரிந்து தொட்டாலும் வீடு முழுவதும் மின்னேறும். தகுதியுள்ள மின்தொழிலாளியைக் கொண்டு பெட்டியைப் புவித்தொடுப்புச் செய்து, மின்கசிவு நேர்ந்தவுடன் தானே துண்டிக்கும் ஆளியையும் பொருத்துக. இரண்டாவது, எரிவாயு அடுப்பையும் விறகடுப்பையும் பெட்டிக்குள்ளே வைக்காதீர்கள். எங்கள் சமையல் மாலின் ஓரத்திலே தகரக் கூரையின்கீழ், ஓலைக்கு எட்டத்திலே நடைபெறுகின்றது. மூன்றாவது, சரக்குக் கதவை மாத்திரம் நம்பாமல், உள்ளிருந்து திறக்கக்கூடிய இன்னொரு வாயில் ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்கட்டும். ஓலைக்கூரை போடுபவர்கள், வெல்டிங் வேலை யாவும் முடிந்த பின்னரே ஓலையை ஏற்றவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டத்தையும் மறத்தலாகாது. தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிதானே, இதற்கு அனுமதி எதற்கு என்று சிலர் எண்ணுகின்றனர். தூணிலே இருத்தி, மின்சாரமும் நீரும் இணைத்து, மனிதர் வசிக்கும்பொழுது அது கட்டடமென்றே நோக்கப்படலாம். பிரதேச சபையிலே முதலிற் கேட்டறிந்து, வரைபடம் கொடுத்து அனுமதி பெறுவதே நன்று. மேலும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயத்தைச் சேர்ந்தது. அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பெட்டியை வாங்கியபின் அனுமதி தேடுவது, தாலி கட்டியபின் சாதகம் பார்ப்பது போலாகும்.

முடிவாக, செலவுக் கணக்கு. எங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் கொடுத்த விலை, மொத்தச் செலவிலே மூன்றிலொரு பங்குதானும் வரவில்லை. லொறியும் பாரந்தூக்கியும், தூண்களும், வெட்டும் ஒட்டும், கூரையும், தீந்தையும், மின்சாரமும், புறத்தே கல்லாற் கட்டிய மலகூடமும் எஞ்சியதை உண்டன. மேசனும் சீமெந்துக் கல்லும் அருகிலே கிடைக்கும் ஊரிலே, ஆண்டு முழுவதும் குடியிருக்க வீடு வேண்டுபவருக்குக் கல்வீடே ஏற்றது என்பது என் கருத்து. அவருக்குச் சதுர அடிக்கு ஆகும் செலவிலே பெரிய ஆதாயம் எதுவும் கிட்டாது. கொள்கலன் ஏற்றது யாருக்கெனின், வேலையை விரைவிலே முடிக்க வேண்டியவருக்கும், ஆண்டிலே சில வாரமே வருபவருக்கும், இல்லாத நாள்களிலே பொருளைக் காக்க ஆளில்லாதவருக்கும் ஆகும். அவரும், பெட்டியிலே மிச்சம் பிடித்த பணத்தைக் கூரையிலே செலவிடச் சித்தமாயிருத்தல் வேண்டும்.

சென்ற விடுமுறையின் இறுதி நாளிலே, பிள்ளைகள் பாய்களைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள். இரண்டு பெட்டிகளின் இரும்புக் கதவுகளையும் சாத்தி, நெடுங்கம்பிகளைத் திருப்பிப் பூட்டினோம். இப்பொழுது அவர்கள் ஒரு மாதமும் தங்கிச் செல்கின்றார்கள். பூட்டிய பின்னரும் மால் திறந்தே கிடக்கின்றது. வெயில் கடுமையான பிற்பகல்களிலே, போறணை என்று சொன்ன அந்த ஆச்சி, தம் ஓலைப்பாயை எடுத்துவந்து அங்கேதான் சாய்ந்திருப்பதாகக் கேள்வி. கூரையை அடுத்து எப்பொழுது வேயவேண்டுமென்பதையும் அவரே எங்களுக்குச் சொல்லியனுப்புகின்றார்.